ஃபயர்பாலை விடுங்கள், ஓய்வைப் பாருங்கள்: டேபிள்டாப் விளையாட்டில் மந்திர விதிகளைச் சமன் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பைக் கொஞ்ச காலம் நடத்திய எந்த டிஎம்மைக் (கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டரை) கேட்டாலும் இந்தப் புலம்பல் வரும்: "விஸார்ட் ஒருத்தரே எல்லாத்தையும் முடிச்சிடுறார், ஃபைட்டர் ஆடுறவர் பாதி நேரம் போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார்."

விஸார்ட் என்றால் மந்திரவாதி, ஃபைட்டர் என்றால் ஆயுதத்தால் சண்டை போடுகிறவர். புலம்பல் வந்ததும் கை நேராக மந்திரப் பட்டியலுக்குப் போகும். நெருப்பு வெடிப்பு மந்திரமான ஃபயர்பாலின் டேமேஜைக் (எதிரிக்கு ஏற்படும் சேதத்தை) குறைக்கலாமா, காப்பு மந்திரமான ஷீல்டைத் தடை செய்யலாமா, எதிராளியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லே வேண்டாமா என்று யோசிப்போம். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. ஒரு லாங் ரெஸ்டுக்கும் (செலவான மந்திரங்களை மீட்டுத்தரும் நீண்ட ஓய்வு) அடுத்ததற்கும் நடுவில் எத்தனை சண்டை நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகும் மிஞ்சுகிறவைதான் மந்திரங்களின் சொந்தக் கோளாறுகள். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவை டேமேஜ் மந்திரங்களே இல்லை.

கீழே வரும் கணக்குகள் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்துப் போட்டவை. 2024 திருத்தத்தில் மாறிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன். வேறு விளையாட்டு ஆடுகிறவர்களுக்கும் யோசிக்கும் முறை இதேதான்.

தொடங்கும் முன்: பழைய கட்டுப்பாடுகள் எங்கே போயின?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் இந்த விளையாட்டை வெளியிட்ட காலத்திலிருந்தே மந்திரவாதியை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற கேள்வி இருக்கிறது. 1970-களின் கடைசியில் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் மேஜிக் யூசருக்கு (விஸார்டின் பழைய பெயர்) ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி, லெவலுக்கு ஒரு டி4 (நான்கு பக்கப் பகடை) தான். முதல் லெவலில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். இரண்டாம் லெவலுக்குப் போக ஃபைட்டருக்குச் சுமார் 2,000 அனுபவப் புள்ளி போதும், மேஜிக் யூசருக்குச் சுமார் 2,500 வேண்டும். மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது அடித்துவிட்டால் அந்த மந்திரம் போச்சு.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் (ஃபைட்டர், விஸார்ட் மாதிரியான பாத்திர வகை) ஒரே அனுபவப் புள்ளி அட்டவணையைக் கொடுத்தது. அடிபட்டாலும் ஒரு ஸ்கில்லுக்குப் பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றது. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, மந்திரங்கள் மட்டும் பழைய வலுவோடு நின்றன. "ஃபைட்டர் நேர்கோட்டில் வளர்கிறார், விஸார்ட் வர்க்கமாக வளர்கிறார்" என்ற கிண்டல் அந்தக் காலத்தில் நன்றாகவே ஓடியது. 2008-ல் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி அடுக்கு கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. கணக்கில் நன்றாகவே சமன் ஆனது. ஆனால் யாரை ஆடினாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நிறைய பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தப் பதிப்பு பிடிக்கும், அது வேறு கதை.

உங்கள் மேசையில் ஒரு விதியை எடுத்துவிடும் முன், அது எதைப் பிடித்து வைத்திருந்தது என்று பாருங்கள். "மெட்டீரியல் காம்பொனென்ட் எல்லாம் யார் கணக்கு வைப்பது" என்று, மந்திரத்துக்குத் தேவையான பொருள்களைக் கணக்கிடாமல் விட்டுவிட்ட மேசைகளில் இறந்தவரை எழுப்புவது இலவசமாகிவிட்டிருக்கும்.

படி 1: எந்தப் புகார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"மந்திரம் ரொம்ப ஓவர்" என்பதற்குள் மூன்று தனித்தனிப் புகார்கள் உண்டு. ஒன்று, விஸார்ட் அதிகம் டேமேஜ் போடுகிறார். இரண்டு, ஒரு மந்திரம் ஒரு காட்சியையே முடித்துவிடுகிறது. மூன்று, ஒரு மந்திரம் எல்லோருடைய நேரத்தையும் தின்கிறது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. 2014-ன் கான்ஜர் அனிமல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மிருகங்களை வரவழைக்கும் மூன்றாம் லெவல் மந்திரம் (மந்திரத்தின் லெவல் வேறு, பாத்திரத்தின் லெவல் வேறு), எட்டு ஓநாய்கள் வரலாம். ஓநாய்களுக்குக் கூட்டமாக நின்றால் அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டி அதிகமானதை எடுப்பது) உண்டு, அதனால் எட்டும் தாக்கினால் பதினாறு டி20. பட்ட ஒவ்வொரு கடிக்கும் டேமேஜ் உருட்ட வேண்டும். கடிபட்டவர் கீழே விழாமல் இருக்க டிசி 11 (எட்ட வேண்டிய எண்) ஸ்ட்ரெங்த் சேவ், அதாவது பலத்தால் தப்பிக்கும் உருட்டல், போட வேண்டும். அப்புறம் எட்டையும் வரைபடத்தில் நகர்த்த வேண்டும். இந்த மந்திரத்தைப் போடும் ட்ரூயிட்டை (இயற்கை மந்திரவாதி) ஆடுகிறவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், ஃபைட்டர் தன் இரண்டு வெட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். 2024-ல் இதைத் தனித்தனி மிருகங்களாக இல்லாமல், நகர்ந்துபோகும் ஓர் ஆவிக்கூட்டமாக மாற்றிவிட்டார்கள். வலு எவ்வளவு குறைந்தது என்பது இரண்டாம் பட்சம், நேரம் மிச்சமானது. உங்கள் மேசையில் பழைய மந்திரம் ஓடினால், எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்துப் பெரிய மிருகமாக வரவழைக்கச் சொல்லுங்கள். அந்தத் தேர்வு மந்திரத்திலேயே இருக்கிறது.

சில செஷன்களுக்கு ஒரு நோட்டில் இதை மட்டும் எழுதுங்கள்: ஒவ்வொரு காட்சியையும் முடித்தது யார், எதை வைத்து முடித்தார், அதற்கு அவர் என்ன செலவழித்தார். தீர்ப்பெல்லாம் வேண்டாம், பதிவு போதும். முடித்தவர் பெயர் மாறி மாறி வந்தால் உங்களுக்குச் சமநிலைப் பிரச்சினையே இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. ஒரே பெயர் வந்து, செலவு என்ற இடம் காலியாக இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: ஓய்வுகளை எண்ணுங்கள்

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஐந்தாம் லெவல் விஸார்ட், இன்டெலிஜென்ஸ் 18. மந்திரம் போடும் வாய்ப்புகளான ஸ்லாட்டுகள்: முதல் லெவல் 4, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 2. ஆர்கேன் ரிகவரி என்ற திறனால் ஷார்ட் ரெஸ்டில் (குறுகிய ஓய்வு) இன்னொரு மூன்றாம் லெவல் ஸ்லாட் திரும்பக் கிடைக்கும். ஆக நாளுக்கு 10 மந்திரங்கள். ஐந்தாம் லெவல் ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வோர்ட் (பெரிய வாள்), ரவுண்டுக்கு (சண்டையின் ஒரு சுற்றுக்கு) இரண்டு வெட்டு. இருவருக்கும் தாக்குதல் போனஸ் 7. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 15 என்றால் 65 சதவீதம் படும்.

ஃபைட்டரின் ஒரு வெட்டு சராசரி 11. இரண்டு வெட்டு, 65 சதவீதம்: ரவுண்டுக்கு 14.3.

விஸார்டின் ஃபயர்பால் 8டி6 (எட்டு ஆறுபக்கப் பகடைகள்), சராசரி 28. டிசி 15, எதிரிக்குச் சேவ் போனஸ் 2 என்றால் 60 சதவீதம் தோற்பார்கள், ஜெயித்தவர்களுக்குப் பாதி. தலைக்கு 22.4. இரண்டு பேர் மாட்டினால் 44.8. மற்ற டேமேஜ் மந்திரங்களில், ஸ்கார்ச்சிங் ரே சுமார் 13.7. மேஜிக் மிஸைல் 10.5, தவறவே தவறாது. ஸ்லாட் செலவில்லாமல் போடும் கேன்ட்ரிப்பான ஃபயர் போல்ட் 7.15.

இப்போது நாளில் இரண்டு சண்டை, ஒவ்வொன்றும் நான்கு ரவுண்டு என்று வையுங்கள். மொத்தம் எட்டு ரவுண்டு. விஸார்ட் மூன்று ஃபயர்பால், மூன்று ஸ்கார்ச்சிங் ரே, இரண்டு மேஜிக் மிஸைல் போடுவார்: கிட்டத்தட்ட 196. ஃபைட்டர்: 114.

அதே ஆட்கள், அதே மந்திரங்கள், நாளில் ஆறு சண்டை. 24 ரவுண்டு. விஸார்டின் 10 ஸ்லாட்டும் தீர்ந்து, 14 ரவுண்டுகள் கேன்ட்ரிப்பில் ஓடும். மொத்தம் சுமார் 317. ஃபைட்டர்: 343.

ஒரு விதியையும் மாற்றவில்லை. முன்னே இருந்தவர் பின்னே போய்விட்டார். ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ், கிரிட்டிகல் போன்ற கூடுதல் அடிகள் எதையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். 2014-ன் டிஎம் வழிகாட்டி நாளுக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களை எதிர்பார்த்து எழுதப்பட்டது. வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் ஆடுகிற மேசையில் நாளுக்கு ஒன்றிரண்டு நடந்தாலே பெரிய விஷயம். ஒவ்வொரு சண்டைக்கும் அப்புறம் தூங்கி எழுகிற விஸார்ட், தினமும் சாயங்காலம் முழு மாதச் சம்பளம் வாங்குகிறவர் மாதிரி. அவருக்குச் சிக்கனம் எதற்கு?

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. டிஎம் வழிகாட்டியிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். அரசியல், பயணம், விசாரணை என்று மெதுவாக ஓடும் கதைக்கு இது பொருந்தும். பொருந்தாத இடமும் உண்டு. மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) மாதிரி எட்டு மணி நேரம் நிற்கும் மந்திரங்கள் இதில் படுத்துவிடும், ஏனென்றால் சண்டைகள் பல நாட்களுக்குப் பரவிவிடுகின்றன. அவற்றை "அடுத்த ஓய்வு வரை" என்று நீட்டிக்கொடுங்கள்.

தர்ட்டீன்த் ஏஜ் விளையாட்டின் வழி இன்னும் நேரடியானது. எத்தனை நாள் ஆனாலும் சரி, சுமார் நான்கு சண்டை முடிந்தால்தான் முழு மீட்பு. கதையில் ஏன் அப்படி என்று கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம், ஆனால் கணக்கு கச்சிதமாக நிற்கும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: பாதுகாப்பான இடத்தில் மட்டுமே லாங் ரெஸ்ட். ஊர், கோயில், நண்பரின் கோட்டை. காட்டிலும் குகையிலும் தூங்கினால் அது ஷார்ட் ரெஸ்ட் மட்டுமே. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, லியோமண்ட்ஸ் டைனி ஹட். மூன்றாம் லெவல், ரிச்சுவலாக (சடங்காக மெதுவாக) போட்டால் ஸ்லாட்டே செலவாகாது, எட்டு மணி நேரம் யாரும் உள்ளே வர முடியாத குமிழி. குமிழி இருந்தாலும் அது பாதுகாப்பான இடம் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எதிரிகளைப் புத்திசாலிகளாக ஆட்டுங்கள். வெளியே எட்டு மணி நேரம் கிடைத்தால் கோப்ளின்கள்கூடக் குழி வெட்டுவார்கள்.

எந்த வழியானாலும் ஷார்ட் ரெஸ்டைச் சேர்த்து நெரிக்காதீர்கள். ஐந்தாம் லெவல் வார்லாக்குக்கு (இன்னொரு மந்திரவாதி வகுப்பு) இரண்டே ஸ்லாட், இரண்டும் ஷார்ட் ரெஸ்டில்தான் திரும்பும். விஸார்டைக் கட்டுப்படுத்துகிறேன் என்று வார்லாக்கையும் மாங்க்கையும் (துறவி வீரர்) பட்டினி போட்டுவிடுவது இந்த மாற்றங்களில் அடிக்கடி நடக்கும் விபத்து.

படி 3: புதிய டேமேஜ் மந்திரத்தை அட்டவணையில் வைத்துப் பாருங்கள்

நீங்களோ ஆட்டக்காரரோ புது மந்திரம் எழுதினால், 2014 வழிகாட்டியின் அளவுகோல் கைகொடுக்கும். முதல் லெவல்: ஒருவருக்கு 2டி10, பலருக்கு 2டி6. இரண்டு: 3டி10 அல்லது 4டி6. மூன்று: 5டி10 அல்லது 6டி6. நான்கு: 6டி10 அல்லது 7டி6. ஐந்து: 8டி10 அல்லது 8டி6.

கவனித்தீர்களா, அட்டவணைப்படி மூன்றாம் லெவலில் பலரைத் தாக்குவதற்கு 6டி6, ஃபயர்பாலோ 8டி6. ஆக அது உண்மையிலேயே வரம்பு மீறிய மந்திரம்தான், ஐந்தாம் லெவலுக்குரிய டேமேஜ். அதனால் ஃபயர்பாலை அளவுகோலாக வைத்துப் புது மந்திரம் எழுதாதீர்கள். "இது ஃபயர்பாலைவிடக் கொஞ்சம் கம்மிதான்" என்று ஆட்டக்காரர் கொண்டுவருவது அட்டவணையைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

வரம்பு மீறியது என்று தெரிந்தும் ஏன் விட்டுவிடலாம் என்கிறேன்? அதற்குப் பதில் அடுத்த படியில்.

படி 4: பறிபோகும் டர்ன்களுக்கு விலை போடுங்கள்

மூன்று ஓகர்கள் (பெரிய அரக்கர்கள்) வழியை மறிக்கிறார்கள். தலைக்கு 59 ஹிட் பாயின்ட், மொத்தம் 177. விஸார்டிடம் ஒரு மூன்றாம் லெவல் ஸ்லாட், டிசி 15.

ஃபயர்பால் போட்டால், ஓகரின் டெக்ஸ்டெரிட்டி சேவ் மைனஸ் 1. 75 சதவீதம் தோற்கும். தலைக்குச் சராசரி 24.5, மொத்தம் சுமார் 73. பிரமாதமான வெடிப்பு. புகை அடங்கியதும் மூன்று ஓகரும் நின்றுகொண்டிருக்கும், மூன்றும் முழு பலத்தோடு அடிக்கும்.

எதிரிகளை மயக்கி நிறுத்தும் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் போட்டால், விஸ்டம் சேவ் மைனஸ் 2. 80 சதவீதம் தோற்கும். சராசரியாக 2.4 ஓகர்கள் ஒரு நிமிடம் வரை சிலையாக நிற்கும். முழித்திருக்கும் ஒன்றைக் குழு சூழ்ந்து முடிக்கும், அப்புறம் அடுத்தது, அப்புறம் கடைசி. டேமேஜ் பூஜ்யம், சண்டை முடிந்தது.

ஃபயர்பால் மற்றவர்கள் செய்யும் அதே வேலையில் கூடுதலாகச் செய்கிறது. அதற்குப் பிறகும் ஃபைட்டருக்கு வேலை இருக்கிறது. ஹிப்னாட்டிக் பேட்டர்ன் வேலையையே இல்லாமல் ஆக்குகிறது. அதனால்தான் என் கண் எப்போதும் இரண்டாவது வகை மேல்.

இதற்கு விலை போட ஒரு எளிய கணக்கு: இந்த மந்திரம் எதிரியிடமிருந்து எத்தனை டர்ன் பறிக்கிறது? எதிரி தோற்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைப்போம். ஆளை அசையாமல் நிறுத்தும் ஹோல்ட் பர்சன் மாதிரி ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மறுபடி சேவ் போடலாம் என்றால் சராசரியாக 1.5 டர்ன் பறிபோகும். ஒரே ஒரு சேவ், அதற்கப்புறம் வாய்ப்பே இல்லை என்றால் நான்கு ரவுண்டு சண்டையில் 2.4 டர்ன். "மறுபடி சேவ் உண்டா" என்ற ஒரு வரியை எடுத்தால் மந்திரத்தின் வலு 60 சதவீதம் கூடுகிறது, சேர்த்தால் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைகிறது. கட்டுப்படுத்தும் மந்திரம் ஒன்று உங்கள் மேசையில் தொல்லை கொடுத்தால் தடை போட வேண்டாம், இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்.

பெரிய எதிரிகளுக்கு ஐந்தாம் பதிப்பு லெஜெண்டரி ரெசிஸ்டன்ஸ் கொடுக்கிறது. பெரும்பாலும் நாளுக்கு மூன்று முறை, தோற்ற சேவ் உருட்டலை ஜெயித்ததாக மாற்றிக்கொள்ளலாம். வேலை செய்கிறது, ஆனால் சுவையில்லை. நல்ல மந்திரம் போட்டு, எதிரி தோற்று, டிஎம் "இல்லை, ஜெயித்துவிட்டது" என்று சொல்லும்போது ஆட்டக்காரர் முகத்தைப் பாருங்கள். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் டிராகன் எதையாவது இழக்கட்டும்: 20 ஹிட் பாயின்ட், ஒரு சிறகின் வேகம், கவசச் செதில் உதிர்ந்து ஆர்மர் கிளாஸில் ஒன்று. மந்திரம் வீணாகவில்லை என்று மேசைக்குத் தெரியும், ஃபைட்டருக்கும் அதனால் லாபம். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் இதற்கு வேறு தீர்வு. எதிரியை முழுவதுமாக முடக்கும் மந்திரங்களுக்குத் தனி அடையாளம் உண்டு. எதிரியின் லெவல் மந்திரத்தின் ரேங்கைப்போல் (அங்கே மந்திர லெவலின் பெயர்) இரு மடங்குக்கு மேல் இருந்தால், அதன் சேவ் முடிவு ஒரு படி நல்லதாகிவிடும். பாதி விளைவாவது கிடைக்கும் என்பதால் அங்கே யாரும் அவ்வளவாகக் கோபப்படுவதில்லை.

படி 5: கான்சன்ட்ரேஷனை விட்டுக்கொடுக்காதீர்கள்

ஐந்தாம் பதிப்பின் மந்திர விதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஒரு நேரத்தில் ஒரு கான்சன்ட்ரேஷன் மந்திரம் (கவனம் கலையாத வரை மட்டும் நிற்கும் மந்திரம்). அடிபட்டால் கான்ஸ்டிடியூஷன் சேவ், டிசி 10 அல்லது டேமேஜில் பாதி, எது அதிகமோ அது; தோற்றால் மந்திரம் கலைந்துவிடும்.

சேவ் போனஸ் 2 உள்ள விஸார்ட் ஒரு சின்ன அம்பைத் தாங்க 65 சதவீத வாய்ப்பு. மூன்று அம்புகள் பட்டால், மூன்றையும் தாங்க 27 சதவீதம்தான். எனவே விஸார்ட் அடங்க மாட்டேன் என்கிறார் என்றால் முதலில் உங்கள் எதிரிகள் யாரைக் குறி வைக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லா அரக்கர்களும் ஃபைட்டர் முன்னால் வரிசையில் நின்று அடி வாங்கினால் இந்த விதி உங்கள் மேசையில் இல்லை என்றே அர்த்தம். இரண்டு வில்லாளிகளை மேட்டில் நிறுத்துங்கள், வேறொன்றும் வேண்டாம்.

2024 திருத்தத்தில் ஃபோர்ஸ்கேஜுக்கும் (மந்திரக் கூண்டு) ஸ்பிரிச்சுவல் வெப்பனுக்கும் (மிதந்து தாக்கும் மந்திர ஆயுதம்) கான்சன்ட்ரேஷன் தேவை என்று மாற்றினார்கள். முன்னது நியாயம், சேவ் இல்லாமல் ஒருவரைக் கூண்டில் போட்டுவிட்டு வேறு மந்திரம் போட்டுக்கொண்டிருப்பது அடாவடி. பின்னது கிளெரிக்குக்கு (தெய்வ சக்தியால் மந்திரம் போடுகிறவர்) தேவையில்லாத தண்டனை என்பது என் கருத்து. பழைய விதிப்படியே ஆடினால் ஒன்றும் உடையாது.

படி 6: கேள்வியையே அழிக்கும் மந்திரங்கள்

சண்டைக்கு வெளியே சமநிலை என்று ஒன்று இருக்கிறது. அதைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்ன மந்திரங்கள். குட்பெரி முதல் லெவல்: பத்துப் பழம், ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. பாலைவனத்தில் பசியோடும் தாகத்தோடும் போராடும் கதை என்று நீங்கள் மாதக்கணக்கில் திட்டமிட்டிருந்தால், ட்ரூயிட் ஒரு ஸ்லாட்டில் பசிப் பகுதியை முடித்துவிடுவார். நாக் போட்டால் பூட்டு திறக்கும், ரோக் (திருட்டுத்தனத்தில் தேர்ந்தவர்) வாங்கி வைத்த கருவிகள் பையிலேயே இருக்கும். கொலை மர்மம் என்றால் பிணத்தைப் பேச வைக்கும் ஸ்பீக் வித் டெட்.

இங்கே முதலில் செய்ய வேண்டியது தடை இல்லை, மந்திரத்தின் முழு விவரத்தையும் படிப்பது. நாக் போட்டால் 300 அடி தூரம் வரை கேட்கும் தட்டல் சத்தம் வரும். ரோக் சத்தமில்லாமல் திறப்பார், விஸார்ட் ஊரைக் கூட்டித் திறப்பார். இதுவே ஒரு நல்ல சமநிலை, மறக்காமல் அமல்படுத்தினால். ஸ்பீக் வித் டெட்டில் ஐந்தே கேள்விகள். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். அது உண்மை சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயிரோடு இருந்தபோது தெரிந்ததுதான் தெரியும், பின்னாலிருந்து குத்தியவன் முகம் தெரியாது. கொலைகாரன் கொஞ்சம் விவரமானவன் என்றால் தாடையை எடுத்துவிட்டுப் போயிருப்பான். ஸோன் ஆஃப் ட்ரூத்தில் பொய் சொல்ல முடியாது, ஆனால் வாயைத் திறக்காமல் இருக்கலாம், சுற்றி வளைத்துப் பேசலாம். நல்ல அரசியல்வாதிக்கு அது ஒரு தடையே இல்லை.

உயிர்ப்பிக்கும் மந்திரங்களின் விலை வைரத்தில் இருக்கிறது. ரிவிவிஃபைக்கு 300 தங்க நாணய மதிப்புள்ள வைரம், ரெய்ஸ் டெட்டுக்கு 500, ரெசரெக்‌ஷனுக்கு 1,000; மூன்றிலும் வைரம் தீர்ந்துபோகும். "பணம் கழிச்சுக்கோங்க" என்று விட்டுவிடாமல், அந்த ஊரில் வைரம் எத்தனை இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று தீர்மானியுங்கள். மரணத்தின் கனத்தை மந்திரத்தைத் தொடாமலே கூட்டிவிடலாம்.

விவரத்தைப் படித்த பிறகும் ஒரு மந்திரம் உங்கள் கதையின் மையக் கேள்வியை அழிக்கிறது என்றால், அப்போது தடை செய்யலாம். ஆனால் முதல் செஷனுக்கு முன்பே சொல்லுங்கள்: "இது பசியைப் பற்றிய கதை, அதனால் குட்பெரி ஒரு ஹிட் பாயின்ட் தரும், வயிறு நிறைக்காது." கதை நடுவில் சொன்னால் அது விதி மாற்றமாகத் தெரியாது, அந்த ஆளைக் குறிவைத்ததாகத்தான் தெரியும். இன்னொன்று, லெவல் ஏற ஏற இந்த அழிப்பு ஒரு பரிசு. ஒன்பதாம் லெவல் குழுவை இன்னமும் பூட்டிய கதவால் நிறுத்தப் பார்க்கக் கூடாது. அவர்களுக்கு வேறு கேள்விகள் கொடுங்கள்.

படி 7: சொந்த மந்திர அமைப்பு எழுதுகிறீர்களா?

ஸ்லாட் பிடிக்கவில்லை, புள்ளிக் கணக்கு வேண்டும் என்பது பலருடைய முதல் ஆசை. டிஎம் வழிகாட்டியில் அதற்கும் மாற்று விதி இருக்கிறது: முதல் லெவல் மந்திரம் 2 புள்ளி, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 5. ஐந்தாம் லெவல் விஸார்டுக்கு 27 புள்ளி. ஸ்லாட்டுகளைப் புள்ளியாக மாற்றினால் 8, 9, 10, கூட்டினால் சரியாக 27. நியாயமாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் 27 புள்ளியில் ஐந்து ஃபயர்பால் போடலாம். ஸ்லாட்டில் இரண்டு. முதல் லெவல் ஸ்லாட் மேஜ் ஆர்மருக்குத்தான் ஆகும், அதை உருக்கி ஃபயர்பாலாக்க முடியாது என்பதே ஒரு கட்டுப்பாடு. புள்ளி அதை அழிக்கிறது. அந்த விதியே ஆறாம் லெவலும் அதற்கு மேலும் உள்ள மந்திரங்களை, மந்திர லெவல் ஒவ்வொன்றிலும் லாங் ரெஸ்டுக்கு ஒருமுறைதான் என்று கட்டிப்போடுகிறது. அதைக் கீழ் லெவலுக்கும் நீட்டுங்கள்: தன்னால் போட முடிந்த உச்ச லெவல் மந்திரம், ஸ்லாட் அட்டவணையில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் கூடாது.

ரத்தம் கொடுத்து மந்திரம் போடும் அமைப்பு அடுத்த பிரபலம். ஹிட் பாயின்டை விலையாக வைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: குழுவில் குணப்படுத்துகிறவர் இருக்கிறாரா? இருந்தால் கிளெரிக்கின் ஸ்லாட் விஸார்டின் ஸ்லாட்டாக மாறிவிடும், அவ்வளவுதான். விலையை மந்திரத்தால் மீட்க முடியாத ஒன்றில் வையுங்கள். ஹிட் டைஸ் (ஷார்ட் ரெஸ்டில் உருட்டி ஹிட் பாயின்டை மீட்கும் பகடைகள்) நல்ல நாணயம். ஐந்தாம் லெவலில் ஐந்து இருக்கும், 2014 விதிப்படி லாங் ரெஸ்டில் பாதிதான் திரும்பும். 2024-ல் முழுவதும் திரும்புகிறது, அதனால் அந்த விதியில் ஆடினால் இந்த அமைப்பு இளகிவிடும்.

"மந்திரம் 30 சதவீதம் தோற்கட்டும்" என்ற யோசனையை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சராசரி குறையும், உண்மைதான். ஆனால் ஜெயிக்கும் 70 சதவீதத்தில் காட்சி முடிந்துபோவது அப்படியே இருக்கும். தோற்கும் 30-ல் ஒருவர் தன் டர்ன் முழுவதையும் இழந்து கை கட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் நஷ்டம். தோல்வி வேண்டுமென்றால் அதைச் சுவாரசியமாக்க வேண்டும். டஞ்சன் க்ரால் கிளாசிக்ஸ் என்ற விளையாட்டு அப்படிச் செய்கிறது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் டி20 உருட்டி அட்டவணையைப் பார்ப்பார்கள், உடல் பலத்தை எரித்து உருட்டலைக் கூட்டலாம், மோசமாக விழுந்தால் மந்திரவாதியின் உடம்பே நிரந்தரமாகத் திரிந்துபோகும். அங்கே சமநிலையை யாரும் தேடுவதில்லை, ஆபத்துதான் ருசி.

படி 8: ஃபைட்டருக்கும் எதையாவது கொடுங்கள்

குறைப்பது மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். பழைய பதிப்பில் ஃபைட்டர் ஒன்பதாம் லெவலில் கோட்டை கட்டினால் படைவீரர்கள் தேடி வருவார்கள். விஸார்டிடம் டெலிபோர்ட் இருந்தது, இவரிடம் படை இருந்தது. 2014 விதிகளில் அந்தப் படை இல்லை, அதனால் நீங்கள் கொடுங்கள்: தளபதிகள் இவரை மட்டும் நம்புவது, ஊர் இவர் பெயரைச் சொல்வது, பறக்கும் காலணி விஸார்டுக்குப் போகாமல் இவருக்குக் கிடைப்பது. ஆர்ஸ் மேஜிகா என்ற விளையாட்டு இதற்கு நேரெதிர்த் தீர்வு வைத்திருக்கிறது. மந்திரவாதிதான் பெரியவர் என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைவரும் கொடுத்து முறைவைத்து ஆட விடுகிறது.

படி 9: மாற்றத்தை மேசையில் வைப்பது

முதலில் தனியாக ஒரு சண்டையை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், ஒருமுறை ஸ்லாட் எல்லாம் நிறைந்திருக்க, இன்னொருமுறை பாதி தீர்ந்திருக்க. நிறைந்திருக்கும்போது மட்டும் சண்டை சப்பென்று முடிந்தால் பிரச்சினை ஓய்வில், படி 2-க்குத் திரும்புங்கள். இரண்டிலும் ஒரே மந்திரம் முடித்தால் அந்த மந்திரத்தில்.

அப்புறம் ஒரே நேரத்தில் ஒரே மாற்றம். ஓய்வு விதியையும் ஹிப்னாட்டிக் பேட்டர்னையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. "மூன்று செஷன் ஆடிப் பார்ப்போம், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். பாதிக்கப்படும் ஆட்டக்காரரிடம் மற்றவர்களுக்கு முன்னால் சொல்லாமல், செஷனுக்கு முன்பே தனியாகச் சொல்லுங்கள். மாற்றிய மந்திரத்துக்குப் பதில் வேறு மந்திரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள், செலவில்லாமல். அதற்காகவே ஒரு ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) எடுத்திருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளட்டும். மூன்று செஷன் கழித்துப் பேச உட்காரும்போது விஸார்ட் ஆடுகிறவரைவிட முதலில் ஃபைட்டர் ஆடுகிறவரைக் கேளுங்கள்.